புதிதாகச் சேர்த்துக் கட்டிய அறையின் வெளிப்பூச்சை மழையிலிருந்து காப்பது எப்படி?

வீட்டோடு சேர்த்து இன்னோர் அறை எழுப்புகிறவர்கள் அஸ்திவாரத்துக்கும் கம்பிக்கும் தளக் கான்கிரீட்டுக்கும் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட வெளிப்பூச்சுக்குக் காட்டுவதில்லை. அந்த வேலை கடைசியில் வருகிறது. அதற்குள் கைப்பணம் கரைந்திருக்கும், தீபாவளி நெருங்கியிருக்கும், வானமும் கறுக்கத் தொடங்கியிருக்கும். கடலூரில் எங்கள் வீட்டின் பின்புறம் 2014-இல் 10-க்கு 12 அடியில் ஓர் அறை சேர்த்தபோது நாங்களும் அப்படித்தான் அவசரப்பட்டோம். மறு ஆண்டு நவம்பர் மழையில், பழைய சமையலறைச் சுவரும் புது அறையின் சுவரும் சேருமிடத்தில், வெளியே தலைமயிர் கனத்தில் ஒரு கோடு தெரிந்தது. உள்ளே அதே இடத்தில் முதல் நாள் உள்ளங்கை அளவுக்கு ஒரு நிழல்; மூன்றாம் நாள் அது முறம் அளவுக்கு விரிந்தது. மழை ஓய்ந்து வெயில் வந்த பிறகு அந்த நிழலின் விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்து, விரல் பட்ட இடத்தில், பெயின்டுக்கு அடியில் பூசிய பட்டி (புட்டி) மாவாக உதிர்ந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்தக் கோட்டின் மேல் மூன்று முறை சிமெண்ட் பால் தடவினோம். மூன்று முறையும் அதே கோடு அதே இடத்தில் திறந்துகொண்டது.

அந்தச் சுவரைச் சரிசெய்யும் வழியில் கற்றுக்கொண்டவற்றையும், பின்னர் உறவினர், நண்பர் வீட்டு வேலைகளில் உடனிருந்து பார்த்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். வெளிப்பூச்சு கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம், நீர் போக வேண்டிய வழியை நாம் அமைக்காமல் விட்டதுதான். கடையில் விற்கும் நீர்த்தடுப்புத் திரவமும் விலை உயர்ந்த பெயின்டும் அந்த வழியை அமைத்த பிறகே பயன் தரும்.

நீர் உள்ளே போவதும் வெளியே வராததும்

சிமெண்ட் பூச்சு நீரே புகாத பொருள் என்று நினைப்பது தவறு. நல்ல பூச்சும் மழையில் சிறிது நீரைக் குடிக்கும். மழை விட்டதும் காற்றிலும் வெயிலிலும் அதை வெளியே விட்டுவிடும். குடித்த நீர் பூச்சின் 15 அல்லது 20 மில்லிமீட்டர் கனத்துக்குள்ளேயே நின்று திரும்பும் வரையில் தொல்லை இல்லை. விரிசல் வழியாகவோ கைப்பிடிச்சுவரின் தலை வழியாகவோ பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இறங்கிய நீர்தான் தொல்லை தருகிறது. நல்ல செங்கல் ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறினாலும் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உறிஞ்சக் கூடாது என்பது பொதுவான தர அளவு; அதாவது மூன்று கிலோ எடையுள்ள ஒரே கல் அரை லிட்டருக்கு மேல் நீரைத் தனக்குள் வைத்துக்கொள்ள முடியும். அந்த நீர் திரும்பி வெளியேறும்போது செங்கல்லிலும் மணலிலும் இருந்த உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சுவரின் முகத்துக்கு வந்ததும் நீர் ஆவியாகிறது, உப்பு படிகமாகித் தங்குகிறது, அந்தப் படிகம் வளர்ந்து பூச்சையும் பெயின்டையும் உள்ளிருந்து தள்ளுகிறது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இதைக் கூட்டிக் கொடுக்கிறது.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சொல்வதும் அதனால்தான். அந்தப் பருவத்தின் காற்று சாரலை வடக்கு, கிழக்குச் சுவர்களின் மேல் அடிக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ஊர்களிலும் ஜூன் மழைக்கு மேற்குச் சுவரும் இந்தக் கணக்கில் சேரும். புது அறைக்குத் திட்டம் போடும்போதே சாரல் அடிக்கும் சுவர் எதுவென்று குறித்துக்கொள்ளுங்கள். பணம் குறைவாக இருந்தால் கூடுதல் செலவை அந்தச் சுவரில் செய்யுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய ஓட்டு வீடுகளில் இறவாரம் இரண்டடி, மூன்றடி வெளியே நீண்டு நின்றதால் மண் சுவர்கூட நனையாமல் இருந்தது. இன்று நாம் சேர்த்துக் கட்டும் அறை பெட்டிபோல இருக்கிறது. மழைக்கும் சுவருக்கும் நடுவில் எதுவுமில்லை. சாரல் அடிக்கும் பக்கத்திலாவது மேல்தளத்தை ஒன்றரை அடி வெளியே நீட்டி வார்க்கும்படி கேளுங்கள். கட்டும்போது அதற்காகும் செலவு, பின்னால் ஒரு முறை சாரம் கட்டிப் பழுதுபார்க்கும் செலவோடு ஒப்பிட்டால் பெரிதல்ல.

பழையதும் புதியதும் சேரும் இடம்

சேர்த்துக் கட்டிய அறைகளில் நான் பார்த்த ஒழுகல்களில் மிகுதியானவை இந்த ஓர் இடத்தில்தான் தொடங்கின. பழைய வீடு தன் எடைக்கேற்ப எப்போதோ மண்ணில் அமர்ந்துவிட்டது. புது அறை இப்போதுதான் அமரத் தொடங்குகிறது. முதல் இரண்டு மூன்று மழைக்காலங்களில் சில மில்லிமீட்டர் இறங்குவது இயல்பு, களிமண் நிலமாக இருந்தால் மழைக்கு உப்பியும் கோடைக்குச் சுருங்கியும் அது ஏறி இறங்கவும் செய்யும். கொத்தனார்கள் வழக்கமாகப் பழைய சுவரில் பல் கொத்தி, அதில் புதுச் செங்கலைக் கோத்து, இரண்டின் மேலும் ஒரே பூச்சாக இழுத்துவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நகரும் சுவருக்கும் நகராத சுவருக்கும் நடுவில் அந்தப் பூச்சு எத்தனை கெட்டியாக இருந்தாலும் கிழியத்தான் செய்யும். எங்கள் வீட்டில் மூன்று முறை சிமெண்ட் பால் தடவியும் நிற்காததற்குக் காரணம் இதுவே: நகரும் இடத்தை நகராத பொருளால் மூடப் பார்த்தோம்.

அஸ்திவாரம் தனித்தனியாக இருந்தால், இரண்டு சுவர்களையும் தொடாமல் விடுவதே சரி. புதுச் சுவரைக் கட்டும்போதே 20 முதல் 25 மில்லிமீட்டர் கனத்தில் தெர்மாகோல் பலகையை இடையில் நிறுத்தி, தரைமட்டத்திலிருந்து தளம் வரை ஒரே நேர்கோடாக இடைவெளி விடச் சொல்லுங்கள். இப்படிப் பிரித்தால் புது அறை தன் தூண்களிலும் சுவர்களிலும் தானாக நிற்க வேண்டும் என்பதால், இதைப் பொறியாளரிடம் வரைபடம் போடும்போதே பேசி முடிவு செய்ய வேண்டும். பூச்சும் அந்த இடைவெளியின் இரு கரைகளிலும் நின்றுவிட வேண்டும். குறுக்கே போகக் கூடாது. பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு, தெர்மாகோலை வெளிமுகத்திலிருந்து ஓர் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, தூசியைத் தூரிகையால் துடைத்து, இடைவெளியைவிடச் சற்றுப் பருமனான நுரைக்கயிற்றை உள்ளே அழுத்துங்கள். கடையில் பேக்கர் ராடு என்று கேட்டால் கிடைக்கும். அதற்கு மேல் பாலியூரித்தேன் சீலன்ட் என்ற அடைப்புப் பசையை நிரப்ப வேண்டும். அகலம் 20 மில்லிமீட்டர் என்றால் சீலன்ட்டின் ஆழம் 10 மில்லிமீட்டர் போதும். ஆழமாக நிரப்பினால் பலம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் பருத்த சீலன்ட் இழுபடாமல் சுவரை விட்டுப் பிரிந்துவிடும். நுரைக்கயிற்றின் வேலையும் அதுவே: ஆழத்தைக் கட்டுப்படுத்துவது, சீலன்ட் இரண்டு பக்கங்களை மட்டும் பிடித்துக்கொண்டு ரப்பர்போல நீண்டு சுருங்க இடம் தருவது. பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் சாதாரண சிலிக்கான் வாங்காதீர்கள். அதன் மேல் பெயின்ட் ஒட்டாது.

சாரல் நேரடியாக அடிக்கும் பக்கமாக இருந்தால் சீலன்ட்டின் மேல் நான்கு அங்குல அகல அலுமினியத் தகடு ஒன்றை நிறுத்தலாம். அதன் ஒரு விளிம்பை மட்டும் சுவரில் திருகி, மறு விளிம்பைச் சும்மா தொட்டுக்கொண்டிருக்க விட வேண்டும். இரு பக்கமும் திருகினால் அடுத்த அசைவில் தகடு வளையும் அல்லது திருகு பூச்சைப் பெயர்க்கும். வெயிலும் தகட்டில் நின்றுவிடுவதால் சீலன்ட்டின் ஆயுளும் கூடுகிறது.

ஏற்கெனவே ஒரே பூச்சாக இழுத்து, கோடு விழுந்துவிட்ட வீடுகளில் செய்ய வேண்டியதும் இதே வேலைதான். கோடு போகும் பாதையில் கட்டர் இயந்திரத்தால் இரண்டு நேர்கோடுகள் அறுத்து, 15 முதல் 20 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பூச்சை எடுத்து, கயிறும் சீலன்ட்டும் வைக்க வேண்டும். எங்கள் சுவரில் 2018 மாசியில் இப்படிச் செய்தோம். அறுத்தபோது உள்ளே பல் விட்ட செங்கற்களில் இரண்டு குறுக்கே பிளந்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

சுவர்களின் செங்குத்து மூட்டைப்போலவே, புதுத் தளம் பழைய சுவரைத் தொடும் கிடைமட்ட மூட்டும் ஆபத்தானது. பழைய சுவரில் வழியும் நீர் முழுவதும் அங்கே இறங்குகிறது. தளத்தின் இறுதி மட்டத்திலிருந்து குறைந்தது 6 அங்குல உயரத்தில் பழைய சுவரில் ஓர் அங்குல ஆழத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, தளத்தின் நீர்த்தடுப்புப் படலத்தைச் சுவரில் ஏற்றி, அதன் மேல் விளிம்பை அந்தக் காடிக்குள் மடித்துச் செருகி அடைக்க வேண்டும். தளமும் சுவரும் சேரும் மூலையைச் செங்கோணமாக விடாமல் கலவையால் சரிவாக உருட்டிய பிறகே படலம் ஏற வேண்டும். கூரான மூலையில் மடித்த படலம் அங்கேயே கிழியும்.

கைப்பிடிச்சுவர் முதல் ஜன்னல் வரை

கைப்பிடிச்சுவரின் தலை தட்டையாக இருந்தால் மழை நீர் அங்கே நிற்கும், மயிரிழை விரிசல் விழும், உள்ளே இறங்கிய நீர் இரண்டடி கீழே வெளிப்பூச்சில் திட்டாக வெளிப்படும். தலையில் கான்கிரீட் பட்டையோ கடப்பைக் கல்லோ வைத்து, தளத்தின் பக்கமாக வாட்டம் (சரிவு) கொடுத்து, இரு பக்கமும் இரண்டு அங்குலம் வெளியே நீட்டுங்கள். கம்பிக் கைப்பிடி பொருத்துகிறவர்கள் மேலிருந்து துளை போட்டு நிறுத்துவார்கள். ஒவ்வொரு துளையும் ஒரு புனல். பக்கவாட்டில், உட்புறமாகப் பொருத்தச் சொல்லுங்கள்.

தளத்து நீர் போகும் வழிக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். எங்கள் 120 சதுர அடி அறையின் தளம் சுமார் 11 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஒரு நாளில் அந்தச் சின்னத் தளத்திலிருந்து மட்டும் 1,100 லிட்டர் நீர் இறங்க வேண்டும். ஒரே ஓர் ஓட்டை வைத்து அதில் ஒரு வேப்பிலைக் கொத்து அடைத்துக்கொண்டால் அவ்வளவு நீரும் கைப்பிடிச்சுவரின் அடியை ஊறவைக்கும். ஆகவே சிறிய தளமானாலும் இரண்டு வழி வையுங்கள். 100-க்கு 1 என்ற வாட்டம் அவற்றை நோக்கி இருக்கட்டும். சுவரிலிருந்து நான்கு விரல் நீட்டிய தூம்புக்குழாய் வேண்டவே வேண்டாம். காற்றடிக்கும்போது அதிலிருந்து விழும் நீர் முழுவதும் சுவரிலேயே வழிந்து, சில ஆண்டுகளில் பாசி படிந்த கறுப்புப் பட்டையாகிவிடும். நான்கு அங்குலக் குழாயைக் கீழ்வரை இறக்கி, மழைநீர் சேகரிப்புத் தொட்டியில் சேருங்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் அது கட்டாயமும் ஆகும். குழாயைச் சுவரோடு ஒட்டாமல் கிளாம்பு வைத்து ஓர் அங்குலம் தள்ளி நிறுத்தினால், இணைப்பில் கசிந்தாலும் நீர் குழாயின் மேலேயே வழியும்.

சன்ஷேடும் தளத்தின் நீட்டமும் சுவரைக் காப்பது, அவற்றின் அடிவிளிம்பில் நீர் சொட்டி விழும்போதுதான். விளிம்பில் தடை இல்லாவிட்டால் நீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வந்து சேரும். மழை நாளில் சன்ஷேடின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் சொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரை நோக்கி நகர்வதைக் காணலாம். அடிப்பூச்சு ஈரமாக இருக்கும்போதே, விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, 12 மில்லிமீட்டர் கம்பியை நீளவாக்கில் அழுத்தி எடுத்து ஒரு பள்ளக்கோடு போடச் சொல்லுங்கள். நீர் அந்தக் கோட்டைக் கடக்க முடியாமல் அங்கேயே விழுந்துவிடும். அந்தக் கோடு சுவரைத் தொடும் வரை போகாமல் இரண்டு அங்குலத்துக்கு முன்பே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கோடே வாய்க்காலாகி நீரைச் சுவருக்குக் கொண்டுவரும். இதற்குக் கொத்தனாருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. பொருட்செலவும் இல்லை. இருந்தும் பத்து வீடுகளில் எட்டில் இதைக் காண முடியவில்லை என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

ஜன்னலின் அடிக்கல்லுக்கும் இதே விதி: வெளிப்பக்கம் வாட்டம், இரண்டு அங்குல நீட்டம், அடியில் பள்ளக்கோடு. சட்டத்துக்கும் பூச்சுக்கும் இடையிலான இடுக்கைச் சீலன்ட்டால் அடைக்க வேண்டும். ஏ.சி. குழாய்க்கும் மின்கம்பிக்கும் போடும் துளைகள் உள்ளிருந்து வெளியே சாய்ந்திருக்க வேண்டும். கேபிள் துளைக்குள் நுழையுமுன் ஒரு சாண் கீழே தொங்கி வளைந்து ஏறினால் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். சாரம் கட்டிய ஓட்டைகளைத் துண்டுச் செங்கல்லும் காய்ந்த கலவையும் வைத்து மேலோட்டமாக மூடிவிட்டுப் போவது வழக்கம். முழு ஆழத்துக்கும் நனைத்து, கலவையைக் குத்தி நிரப்பினார்களா என்று சாரம் இறங்குமுன் ஏறிப் பாருங்கள்.

பூச்சு வேலை

பூச்சுக்குச் சிறந்த காலம் தை, மாசி. சித்திரை வெயிலில் பூசினால் கலவையின் நீர் கெட்டிப்படுமுன் பறந்துவிடும். ஐப்பசியில் பூசினால் மழை அரித்துவிடும். வேறு வழியின்றிக் கோடையில் பூசினால், காலை வெயில் படும் சுவரை மாலையிலும், மாலை வெயில் படும் சுவரைக் காலையிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மணலை முதலில் சோதியுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் பாதிக்கு மணல் போட்டு, முக்கால் அளவுக்கு உப்பு கலந்த நீர் ஊற்றி, நன்றாகக் கலக்கி மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலின் மேல் படியும் சேற்றுப் படலம் மணல் உயரத்தில் 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்த மணல் வேண்டாம். சேறு மிகுந்த பூச்சு சுருங்கி வெடிக்கும். ஆற்று மணல் கிடைக்காத இடங்களில் பூச்சுக்கென்றே அரைத்துச் சலித்த பி-சாண்ட் வாங்குங்கள். கான்கிரீட்டுக்கான எம்-சாண்டைச் சலித்துப் பயன்படுத்துவது அதற்கு ஈடாகாது.

கான்கிரீட் தூணும் உத்தரமும் வழவழப்பாக இருக்கும் இடங்களை அம்மி கொத்துவதுபோலக் கொத்திவிட வேண்டும். கான்கிரீட்டும் செங்கல்லும் சேரும் கோடு முழுவதும், இரு பக்கமும் 6 அங்குலம் வருமாறு, ஓரடி அகலக் கோழிவலையை ஆணி அடித்து இழுத்துக் கட்டி, அதன் மேல் பூச வேண்டும். வலை சுவரோடு ஒட்டிக் கிடக்காமல் பூச்சின் நடுக் கனத்தில் வருமாறு சிறிது தூக்கி நிற்பது நல்லது. இந்த வலை, ஒரே கட்டடத்துக்குள் இரு பொருள்கள் சேரும் இடத்துக்கு மட்டுமே உரியது. மேலே சொன்ன பழைய, புதிய சுவர்களின் மூட்டுக்கு இதைப் போட்டு ஏமாற வேண்டாம்.

வெளிப்பூச்சை இரண்டு கையாக, அதாவது இரண்டு அடுக்காகப் பூசுவதே முறை. ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் போதும். முதல் கை 12 மில்லிமீட்டர். அது இறுகும்போது கரண்டி நுனியால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் நனைத்துவிட்டு, இரண்டாம் கை 8 மில்லிமீட்டர். சிமெண்டைக் கூட்டி 1-க்கு 3 என்று போட்டால் நீர் புகாது என்று வற்புறுத்துகிறவர்கள் உண்டு. அப்படிப் பூசிய சுவர் இறுகும்போதே சுருங்கி, சிலந்திவலைபோல விரிசல் விடுவதால், நீர் புக முன்பைவிட வழி கூடுகிறது. நீர்த்தடுப்புத் திரவம் சேர்ப்பதானால் 50 கிலோ மூட்டைக்கு டப்பாவில் குறித்த அளவு மட்டும் சேருங்கள். பெரும்பாலும் அது 200 மில்லி. அதைக் கலவை நீரில் முன்னதாகக் கலந்துவிட வேண்டும். குழைத்து முடித்த கலவையின் மேல் ஊற்றினால் பரவாது. நீர் ஊற்றிய கலவை ஒரு மணி நேரத்துக்குள் சுவருக்குப் போய்விட வேண்டும்; தேநீர் இடைவேளையில் இறுகிப்போனதை மறுபடி நீர் தெளித்துக் குழைக்க விடாதீர்கள்.

பூச்சு வேலையில் நான் கட்டாயம் அருகில் நிற்கும் நேரம் ஒன்று உண்டு. மணியாஸ் கட்டையால் தேய்த்து முடிக்கும் தறுவாயில், பூச்சு இன்னும் ஈரமாக இருக்கிறது, சீக்கிரம் இறங்க வேண்டும் என்றால், சில கொத்தனார்கள் ஒரு பிடி காய்ந்த சிமெண்டை எடுத்துச் சுவரின் மேல் வீசித் தேய்ப்பார்கள். சிமெண்ட் ஈரத்தை உடனே உறிஞ்சிக்கொள்ளும், முகம் கண்ணாடிபோல வழவழப்பாகும், வேலையும் அரை மணியில் முடியும். ஆனால் அந்த மேல் தோல் மட்டும் கீழ்ப்பூச்சைவிடப் பலமடங்கு சிமெண்ட் செறிந்தது. ஒரே மாதத்தில் தனியாகச் சுருங்கி வெடித்து, தட்டினால் ஏடாகப் பிரியும். “அண்ணே, சிமெண்ட் வீச வேண்டாம், நேரம் ஆனாலும் பரவாயில்லை, ஸ்பாஞ்ச் வைத்தே முடியுங்கள்” என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். நல்ல கொத்தனார் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மறுநாளிலிருந்து குறைந்தது ஏழு நாள், சுவர் காயாமல் நனைக்க வேண்டும். காலையில் ஒரு முறை பீய்ச்சிவிட்டுப் போவது போதாது. வெயில் படும் சுவருக்கு ஈரச் சாக்கைத் தொங்கவிடுவது நல்ல பழக்கம்.

சேர்த்துக் கட்டும் அறைகள் பக்கத்து வீட்டுச் சுவருக்கு ஒரு சாண் தள்ளி எழும்போது, அந்தச் சந்துக்குள் கொத்தனார் நுழைய முடியாமல் வெளிமுகம் பூசப்படாமலே நின்றுவிடுகிறது. வெறும் செங்கல் நேராக நனைவதால் உட்பக்கம் எத்தனை நீர்த்தடுப்புப் பூசினாலும் ஓதம் (சுவரில் ஊறும் ஈரம்) அடங்காது. இயன்றால் இடம் விட்டே கட்டுங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள், பக்கத்து வீட்டாரிடம் பேசி அவர்களின் சம்மதத்தோடு சந்தின் தலையில் சரிவான தகடு போட்டு, நீரை ஒரு பக்கமாக இறக்கிவிட வேண்டும்.

தரையோரம்

மழை தரையில் விழுந்து தெறித்துச் சுவரின் அடி ஓரடியை நனைக்கிறது. மண்ணின் ஈரம் கீழிருந்து ஏறுகிறது. புது அறையைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குத் தளம் போட்டு, சுவரிலிருந்து வெளியே 40-க்கு 1 வாட்டம் கொடுங்கள். அந்தத் தளத்தின் மட்டம் மண்ணின் ஈரம் மேலே ஏறாமலிருக்கச் சுவருக்குள் இடும் ஓதத்தடுப்புப் படலத்துக்கு 6 அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். பின்னால் முற்றத்துக்கு டைல்ஸ் போடுகிறவர்கள் மட்டத்தை உயர்த்தி இந்தப் படலத்தைத் தாண்டிவிடுவதும், மிச்ச மணலைச் சுவரோரம் குவித்து அதில் செம்பருத்தி நடுவதும், நல்ல சுவரைக் கெடுக்கும் வழிகள்.

பெயின்ட் எப்போது?

புதுப் பூச்சு 28 நாள் கடந்த பிறகே பெயின்டுக்குத் தயார். அதற்கு முன் அதன் காரம் பெயின்டை அரிக்கும், உள்ளே மிஞ்சிய ஈரம் கொப்புளமாகத் தள்ளும். தீபாவளிக்கு முன் பெயின்ட் அடிக்கும் வழக்கம் வெளிச்சுவருக்குப் பொருந்துவதில்லை, ஏனெனில் சில முன்மழைகளில் நனைந்த சுவரின் மேல் படலம் போட்டு மூடிவிடுகிறோம். பொங்கலுக்கு வெள்ளையடித்த நம் முன்னோர் மழை ஓய்ந்த பிறகுதான் சுவரைத் தொட்டார்கள்; சுண்ணாம்பு ஈரத்தை விடக்கூடியது என்பதால் பொங்கலையொட்டியே அடிக்க முடிந்தது. இன்றைய எமல்ஷனுக்கு மாசி, பங்குனி வரை சுவர் காயக் காத்திருப்பது நல்லது. காய்ந்ததா என்று அறிய, ஓரடி சதுர பாலித்தீன் தாளின் நான்கு விளிம்பையும் டேப்பால் சுவரில் ஒட்டி ஒரு நாள் கழித்துப் பாருங்கள். உட்புறம் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் பொறுங்கள். விரிசலைப் பாலமிடும் ரப்பர்த் தன்மையுள்ள தடித்த பெயின்டுகள் காய்ந்த சுவருக்கு நல்லவை, ஈரச் சுவரில் அவை பைபோல உப்பித் தொங்கும். உங்கள் பழைய வீடு சுண்ணாம்புக் காரையால் பூசியதாக இருந்தால், புதுப் பகுதியோடு நிறம் ஒத்துப்போக வேண்டுமென்று அதன் மேல் சிமெண்ட் பூச்சோ இந்தத் தடித்த பெயின்டோ ஏற்றாதீர்கள்; சுண்ணாம்பு வெளியே விட வேண்டிய ஈரம் உள்ளேயே அடைபடும்.

ஏற்கெனவே கெட்டுவிட்ட சுவர்

முதலில் எங்கிருந்து நீர் வருகிறது என்று கண்டுபிடியுங்கள். மழையில்லாத நாளில், ஒருவர் உள்ளே ஓதத் திட்டின் அருகில் நிற்க, மற்றவர் வெளியே தோட்டக் குழாயால் சுவரின் அடியிலிருந்து நனைக்கத் தொடங்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் கால் மணி நேரம் விட்டு, மெல்ல மேலே ஏறுங்கள்: அடிச்சுவர், ஜன்னல் கல், மூட்டு, சன்ஷேடு, கைப்பிடிச்சுவர். மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லாவற்றின் மேலும் வழிந்து எதையும் பிரித்தறிய முடியாமல் போகும்.

பிறகு கரண்டிப் பிடியால் சுவர் முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடத்தில் ஒலி இறுக்கமாகவும், செங்கலை விட்டுப் பிரிந்த இடத்தில் காலிப் பானையைத் தட்டியதுபோலவும் கேட்கும். பொள்ளலான பகுதியைச் சாக்கட்டியால் வட்டமிட்டு, அதைச் சதுரமாக அறுத்துச் செங்கல் வரை எடுத்துவிடுங்கள். மேலே பட்டி பூசி மறைத்தால் அடுத்த மழையில் துண்டாக விழும். உப்பைக் காய்ந்த தூரிகையால் தேய்த்து முறத்தில் அள்ளி அகற்ற வேண்டும்; கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். நீர் வரும் வழியை அடைத்து, சில வாரம் காயவிட்டு, அதன் பிறகே புதுப் பூச்சு. மூலையிலோ ஜன்னல் ஓரத்திலோ சரிவாக விழுந்த விரிசல் ஆண்டுக்காண்டு அகலமானால் அது பூச்சின் குறையல்ல. அஸ்திவாரத்தைப் பொறியாளரிடம் காட்டுங்கள். அகலமாகிறதா என்று அறிய, விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, நடுவிலுள்ள தூரத்தை அளந்து தேதியோடு சுவரிலேயே எழுதிவையுங்கள்.

ஆண்டுதோறும் புரட்டாசியில், மழைக்கு முன் ஒரு காலைப்பொழுதை இதற்கென ஒதுக்க வேண்டும். தளத்து நீர் போகும் வழிகளில் இலை, பந்து, பிளாஸ்டிக் பை இருந்தால் எடுங்கள்; ஒரு வாளி நீர் ஊற்றி அது எங்கும் தேங்காமல் போகிறதா என்று பாருங்கள். மூட்டுச் சீலன்ட்டை விரலால் அழுத்தி, ஓரம் விட்டிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் அறுத்து எடுத்துப் புதிதாக நிரப்புங்கள். காக்கை எச்சத்தில் முளைத்த அரசங்கன்றோ ஆலங்கன்றோ சுவரில் இருந்தால் தலையைக் கிள்ளிவிட்டுப் போகாமல், பூச்சைச் சிறிது உடைத்தாவது வேரோடு எடுத்து, அந்தக் குழியை அன்றே கலவையால் அடைத்துவிடுங்கள். பருவத்தின் முதல் பெருமழை பெய்யும்போது குடையோடு வெளியே போய், நீர் எங்கே சொட்டுகிறது, எங்கே சுவரில் வழிகிறது என்று பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மாசியில் கொத்தனாரை அழைக்கும்போது அவரிடம் காட்ட வேண்டியது அந்தத் தாள்தான்.